நூறு கிலோக்காரரின் பன்னிரண்டு வாரம்

திங்கட்கிழமை சாயங்காலம் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் பெஞ்ச் காலியாக இருக்காது. திங்கள் என்றால் செஸ்ட். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. பெஞ்சைச் சுற்றி நாலு பேர், ராடில் பிளேட், தலைமாட்டில் ஒரு நண்பர். "போடு, போடு, விடாதே!" என்று கத்திக்கொண்டே அந்த நண்பர் ராடுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுப்பார். ராடு மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே ஒரு சத்தியம் வேறு: "நான் தொடவே இல்லப்பா, முழுக்க உன்னோடதுதான்." நம் ஊரில் பாதிப் பேர் 'பெஞ்ச் நூறு போடுவான்' என்று பெயர் வாங்குவது இப்படித்தான்.

அப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். முப்பதைத் தொடாத வயது, உடல் எடை 73 கிலோ, மூன்று வருஷமாக விடாமல் ஜிம். மாவட்ட அளவில் ஒரு வலுதூக்கும் போட்டி வருகிறது. அதில் பெஞ்ச் பிரஸ் தனிப் பிரிவு. ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டார். கையில் 12 வாரம் இருக்கிறது. நூறு கிலோக்காரர் என்றே இவரை அழைக்கலாம்.

பெயர் கொடுத்த அன்று ராத்திரி இவருக்குத் தூக்கம் வராது. போனை எடுத்துத் தேடுவார். ஸ்மோலோவ் ஜூனியர், 5/3/1, வெஸ்ட்சைட், ஷெய்கோ, ஐந்துக்கு ஐந்து என்று கல்யாணச் சாப்பாட்டு இலை மாதிரி வரிசையாக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் 'மூணே வாரத்துல ஏத்திட்டேன்' என்று ஒருவர். விடியும்போது நூறு கிலோக்காரரிடம் ஐந்து அட்டவணை இருக்கும், முடிவு இருக்காது.

அட்டவணையைத் தொடுவதற்கு முன்னால் மேடையில் என்ன கேட்பார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. பளுதூக்குதல் வேறு, வலுதூக்குதல் வேறு. முன்னது ஒலிம்பிக்கில் தலைக்கு மேலே தூக்குவது. பின்னது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட். வலுதூக்குதலுக்கான சர்வதேச சம்மேளனம் 1972-ல் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி பெஞ்சில் படுத்தவருக்கு மூன்று கட்டளைகள். கையை நீட்டி ராடை அசையாமல் பிடித்ததும் 'ஸ்டார்ட்'. மார்பில் இறக்கி, ராடு அசைவற்று நின்றதும் 'பிரஸ்'. மேலே தள்ளிக் கை பூட்டியதும் 'ரேக்'. கட்டளைக்கு முன்னால் ராடு அசைந்தால் முயற்சி போச்சு. பின்புறம் பெஞ்சை விட்டு எழுந்தால் போச்சு. குதிகால் தரையை விட்டால் போச்சு. தள்ளும்போது ராடு வழியில் கொஞ்சம் கீழே இறங்கினாலும் போச்சு. முதுகை வில்லாக வளைத்து, கையை அகலமாகப் பிடித்து, ராடை நாலு விரல்கடை மட்டும் நகர்த்துகிறவர்களுக்காக 2023-ல் இன்னொரு விதியும் வந்தது: ராடு மார்பில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழோ வந்தாக வேண்டும். மூன்று நடுவர்கள், மூன்று விளக்குகள். இரண்டு வெள்ளை எரிந்தால்தான் கணக்கு.

இதில் விரல் கொடுக்கும் நண்பருக்கு இடமே இல்லை.

நம்மவருக்கு அடி விழப்போகும் இடம் அந்த 'பிரஸ்' கட்டளை. ஜிம்மில் ராடு மார்பைத் தொட்ட வேகத்திலேயே திரும்பிவிடும். இறங்கும்போது தசையும் தசைநாணும் ரப்பர் மாதிரி இழுபட்டு, திரும்பும்போது கொஞ்சம் இலவசமாகத் தள்ளிக் கொடுக்கும். மார்பில் நிறுத்தி வைத்தால் அந்த இலவசம் கரைந்துபோகும். பெஞ்ச் பிரஸ்ஸை வைத்தே இதை அளந்த ஆய்வு ஒன்று 1991-ல் வந்தது. ஒரு விநாடி தாமதித்தாலே பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று அது கண்டது. நடுவர் எத்தனை விநாடி நிறுத்துவார் என்று விதியில் எண் எதுவும் கிடையாது. ராடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். மார்பில் தடதடவென்று ஆடுகிற ராடு நிற்க நேரமாகும். அதுவரைக்கும் பாரம் இவர் மேலேதான்.

அதனால் முதல் வாரத்தின் முதல் வேலை, நூறு கிலோ உண்மையிலேயே நூறுதானா என்று பார்ப்பது. முதலில் ராடு. போட்டி ராடு 20 கிலோ, இருபக்கப் பூட்டுகள் தலா 2.5 கிலோ. பிளேட் ஏறும் முன்பே 25 ஆகிவிடுகிறது. உள்ளூர் ஜிம்மின் ராடை யாரும் தராசில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய பேப்பர் கடைத் தராசு போதும், அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்தது விரல் படாத, மார்பில் நிறுத்திய ஒற்றை ரெப். நம் நூறு கிலோக்காரர் இப்படிப் போட்டுப் பார்த்ததில் 92.5-ல் நின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை ரெப்புக்குப் பயப்படுகிறவர்களுக்கு எப்லி சூத்திரம் இருக்கிறது: போட்ட ரெப்ஸை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால் உத்தேசமான உச்ச எடை கிடைக்கும். 80 கிலோவை நிறுத்தி நிறுத்தி 5 முறை போட்டால் 93.3. இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே இடம்தான்.

ஏழரை கிலோ போனதில் மனசு கொஞ்சம் நோகும். ஆனால் எந்த அட்டவணையும் சதவீதத்தில்தான் ஓடுகிறது, அந்தச் சதவீதம் நிற்பது இந்த எண்ணின் மேல்தான். ஸ்மோலோவ் ஜூனியரையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்குவாட்டுக்காக வந்த ரஷ்யத் திட்டத்தின் தம்பி இது. வாரம் நாலு நாள், மூன்று வாரம். முதல் நாள் 70 சதவீதத்தில் 6 செட், தலா 6 ரெப்ஸ். இரண்டாம் நாள் 75-ல் 7 செட் ஐந்து. மூன்றாம் நாள் 80-ல் 8 செட் நாலு. நாலாம் நாள் 85-ல் 10 செட் மூன்று. வாரத்துக்கு 133 ரெப்ஸ். அடுத்தடுத்த வாரம் எடை ஏறும். நூறு என்று நம்பி இதைத் தொடங்கினால் நாலாம் நாள் ராடில் 85 கிலோ இருக்கும். நம்மவரின் உண்மையான உச்சத்தில் அது கிட்டத்தட்ட 92 சதவீதம். அதை முப்பது முறை போட வேண்டும் என்பது திட்டம். பத்தாவது செட் வரைக்கும் போகவே தேவையில்லை, தோள்பட்டை அதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடும்.

உண்மை எண்ணை வைத்தாலும் அது கடுமைதான். சோவியத் பயிற்சியாளர் பிரிலெபின், பளுதூக்கும் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை வைத்து ஒரு பட்டியல் போட்டார். எந்தச் சதவீதத்தில் ஒரு நாளில் மொத்தம் எத்தனை ரெப்ஸ் பலன் தரும் என்ற கணக்கு அது. 80-லிருந்து 89 சதவீதம் வரை பத்திலிருந்து இருபது. நல்ல அளவு பதினைந்து. 90-க்கு மேலே ஏழை ஒட்டி. ஸ்மோலோவ் ஜூனியரின் மூன்றாம் நாள் 32, நாலாம் நாள் 30. பிரிலெபின் கணக்குப் போட்டது ஸ்நாட்சுக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்குக்கும்தான், பெஞ்சுக்கு இல்லை என்பது சரிதான். பெஞ்சில் உடம்பு முழுக்கக் களைக்காது, கொஞ்சம் கூடவே தாங்கும். ஆனாலும் அதே தோள், அதே முழங்கை, வாரம் நாலு நாள். வேகமாகப் பணம் கைக்கு வருகிற கந்துவட்டி மாதிரிதான் இது. வருகிறவர்களுக்கு வருகிறது. திருப்பிக் கட்டும் நாள் போட்டி நாளாக அமைந்துவிட்டால் என்ன செய்வது?

எதிர்ப்பக்கம் அஞ்சலகச் சேமிப்பு. வெஸ்ட்சைட் ஜிம்மில் தூக்கிய ஜிம் வெண்ட்லர் 2009-ல் கொண்டுவந்த 5/3/1. உச்ச எடையில் 90 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே நூறாகப் பாவித்துச் சதவீதம் போடச் சொல்கிறார். ஒரு வாரம் ஐந்து ஐந்தாக, அடுத்தது மூன்று மூன்றாக, மூன்றாவது வாரம் ஐந்து, மூன்று, ஒன்று. நாலாவது வாரம் லேசாக. ஒவ்வொரு சுற்றிலும் பெஞ்சுக்கு 5 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 2.5 கிலோ ஏறும். முதல் வாரத்தின் முக்கியமான பெஞ்ச் வேலை 15 ரெப்ஸ்தான். ஸ்மோலோவ் ஜூனியரின் 133-க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே விளையாட்டா என்று தோன்றும். அந்தப் பத்து சதவீதக் கழிவு, பொய்யான நூறுக்கு முன்கூட்டியே எடுத்துவைத்த காப்பீடு. நூறு என்று பொய் சொன்னால்கூட 90-ல் தொடங்கும். அது நம்மவரின் உண்மையான 92.5-க்குள் அடங்கிவிடும். இதில் அவருக்குக் குறை ஒன்றுதான். மூல வடிவத்தில் பெஞ்ச் வாரம் ஒரு நாள். 12 வாரத்தில் பன்னிரண்டே முறை படுத்து எழுந்து, மேடையின் மூன்று கட்டளையைப் பழக வேண்டும்.

இந்தப் பொறுமை ஒன்றும் புதிதில்லை. கனடாவின் வான்கூவரில் 1926-ல் பிறந்த டக் ஹெப்பர்னுக்குப் பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. 1953-ல் ஸ்டாக்ஹோமில் உலகப் பளுதூக்கும் சாம்பியன் ஆனார். பெஞ்சில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ அளவுக்குப் போட்ட முதல் மனிதர் என்று சொல்லப்படுபவரும் இவர்தான். இவருடைய திட்டங்களில் ஒன்று குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி இருக்கும். ஒரே எடையில் 8 செட், தலா 2 ரெப்ஸ். அடுத்த தடவை அதில் ஒரே ஒரு செட் மட்டும் 3 ஆகும். அதற்கடுத்து இன்னொன்று. எட்டு செட்டும் மூன்றாகிவிட்டால் எடையைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி இரண்டிலிருந்து ஆரம்பம். வாரம் இரண்டு நாள் போட்டால் ஒரு படி ஏற நாலு வாரம். நம் நூறு கிலோக்காரர் 75-ல் தொடங்கினால் மூன்று மாதத்தில் மூன்று படி.

லூயி சிம்மன்ஸ் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் வளர்த்த வெஸ்ட்சைட் முறையின் மேல் பலருக்கும் ஒரு கண் உண்டு. வாரத்தில் ஒரு நாள் உச்ச எடை, இன்னொரு நாள் லேசான எடையில் வேகம். கூடவே சங்கிலி, ரப்பர் பட்டை, மார்பின் மேல் பலகை. பார்க்கவே ஒரு கெத்து. ஆனால் அந்த ஜிம்மின் பெரிய எண்கள் பெரும்பாலும் பெஞ்ச் சட்டை போட்டுத் தூக்கியவை. அந்தச் சட்டையின் விறைப்பான துணி மார்பிலிருந்து ராடைக் கிளப்பிக் கொடுத்துவிடும். கஷ்டம் மேலே, கை பூட்டும் இடத்தில் வரும். அதனால்தான் அங்கே டிரைசெப்ஸ் வேலை அத்தனை. வெறும் டீ-ஷர்ட்டோடு கிளாசிக் பிரிவில் இறங்குகிறவருக்கு ராடு மார்பிலிருந்து எழுந்த கொஞ்ச தூரத்திலேயே சிக்கும். சட்டைக்காரர்களின் மருந்தை அப்படியே வாங்கிக் குடித்தால் நோய் வேறாக இருக்கும்.

ரஷ்யாவின் போரிஸ் ஷெய்கோ இன்னொரு ரகம். நடுத்தர எடை, ஏராளமான செட், அடிக்கடி பெஞ்ச், ஒவ்வொரு ரெப்பும் வார்த்து எடுத்தது மாதிரி. உத்தியைச் சீர் செய்ய அருமையான முறை. என்ன, ஒரு நாள் பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு ஜிம்முக்கு வருகிற ஆளால் அதைப் பன்னிரண்டு வாரம் இழுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முதல் நாள் தூக்கம் கெட்டிருந்தால் அட்டவணையில் இருக்கிற 80 சதவீதம் அன்றைக்கு 90 மாதிரி கனக்கும். இதற்காகத்தான் அமெரிக்க வீரர் மைக் டக்‌ஷெரர், உழைப்பைப் பத்துக்கு அளக்கும் முறையை வலுதூக்குதலில் பரப்பினார். 10 என்றால் இனி ஒன்றுகூட முடியாது. 8 என்றால் இன்னும் இரண்டு போட்டிருக்கலாம். அன்றன்றைய உடம்பைக் கேட்டு எடை வைப்பது. நேர்மையாக எண் சொல்கிறவருக்கு நல்ல கருவி. விரல் கொடுத்த ரெப்பையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறவர் 10-ஐ 8 என்றுதான் சொல்வார்.

ஆக, நூறு கிலோக்காரர் எதை எடுப்பது? கல்யாணத் தேதி குறித்த வீட்டில் எல்லா வேலையும் முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ணப்படும். பத்திரிகை அடிப்பது எப்போது, சமையல்காரருக்கு அட்வான்ஸ் எப்போது, பந்தக்கால் எப்போது என்று. போட்டிக்கும் அதே கணக்குதான். கடைசி வாரம் பெரும்பாலும் ஓய்வு. அதற்கு முந்தைய மூன்று வாரம் கனமான ஒற்றை ரெப். அதற்கு முன்னால் நாலு வாரம் இரண்டு, மூன்று ரெப்ஸ். மிச்சம் இருக்கிற முதல் நாலு வாரத்தில்தான் ரெப்ஸைக் குவித்து உடம்பு சேர்க்க முடியும். பன்னிரண்டும் அதோடு தீர்ந்துபோகிறது. இந்தச் சட்டகத்துக்குள் உட்காருகிற திட்டம் எதுவானாலும் சரி. உட்காராதது உலகப் புகழ் பெற்றிருந்தாலும் இந்தத் தடவைக்கு வேண்டாம்.

எண்ணாகப் போட்டால் இப்படி இருக்கும். முதல் நாலு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 65-லிருந்து 72.5 கிலோ வரை, 5 ரெப்ஸ் வீதம் நாலைந்து செட். ஒவ்வொரு செட்டிலும் முதல் ரெப்பை மார்பில் நிறுத்துவது. அடுத்த நாலு வாரம் 75-லிருந்து 82.5 வரை, இரண்டு மூன்று ரெப்ஸ், ஒரு நாளுக்கு மொத்தம் பதினைந்தைத் தாண்டாமல், எல்லா ரெப்பும் நிறுத்தி. கடைசிக் கட்டத்தில் 85-க்கு மேலே ஒற்றை ரெப், அதுவும் கட்டளையோடு. விரல் கொடுத்த அதே நண்பருக்கு இங்கே பதவி உயர்வு. தலைமாட்டில் நின்று 'ஸ்டார்ட்', 'பிரஸ்', 'ரேக்' சொல்ல வேண்டும். வேண்டுமென்றே சில தடவை 'பிரஸ்' சொல்லத் தாமதிக்க வேண்டும். பெஞ்ச் போடுகிற நாளிலெல்லாம் முதுகுக்கு ரோ போட்டுவிட்டால், தோள்பட்டைக்கு ராடை இறக்கி நிறுத்த ஒரு திண்ணை கிடைத்த மாதிரி.

கையில் 12 வாரம் இல்லாமல் 6 வாரம்தான் என்றால் முதல் இரண்டு கட்டத்தையும் சேர்த்து இரண்டு வாரமாக நறுக்கிக்கொள்ளலாம். மூன்றே வாரம் என்றால் புதுத் திட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இருக்கிற பலத்தோடு கட்டளையைப் பழகிக்கொண்டு போவதுதான் வழி. ஜிம்முக்கு வந்து ஆறு மாதமே ஆனவருக்கு இத்தனை வகுத்தலும் தேவையில்லை. பில் ஸ்டார் 1976-ல் எழுதிய புத்தகத்தால் பரவிய ஐந்துக்கு ஐந்தே அவருக்கு வாரா வாரம் எடை ஏற்றிக் கொடுக்கும். உடல் எடை விஷயத்திலும் நம்மவர் தப்பித்தார். 73 கிலோ, 74 கிலோ பிரிவில் சாப்பிட்டுவிட்டே நிற்கலாம். 76 கிலோவாக இருந்து, தண்ணீர் குடிக்காமல் இரண்டு கிலோ இறக்கி, எடை பார்த்த இரண்டு மணி நேரத்தில் பெஞ்சில் படுப்பவருக்கு மூன்று மாத உழைப்பின் பாதி அங்கேயே வடிந்துவிடும்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு கடைசிக் கனமான ஒற்றை ரெப். 90 கிலோ, நிறுத்தி, கட்டளையோடு, அவசரமில்லாமல் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். முதல் முயற்சிக்கான எண் அங்கேயே முடிவாகிவிட்டது: 90. காய்ச்சல் வந்து எழுந்த மறுநாளும் போடக்கூடிய எடையாக அது இருக்க வேண்டும். மூன்றும் தவறினால் பட்டியலில் பெயரே இருக்காது. ஒரு முயற்சி தவறிவிட்டால் எடையைக் குறைக்கவும் முடியாது; அதையே திரும்பப் போடலாம், அல்லது ஏற்றலாம். இரண்டாவது 95. மூன்றாவது அன்றைய நிலவரத்தைப் பார்த்து 97.5 அல்லது 100.

இந்தக் கணக்கை 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவே பார்த்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான வலுதூக்குதலில் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான் உண்டு. காலையும் பெஞ்சின் மேலேயே நீட்டிப் படுத்துத் தூக்க வேண்டும். கனரகப் பிரிவில் சுதிர் முதலில் 208 கிலோ போட்டார். இரண்டாவதில் 212. மூன்றாவதில் 217 கேட்டார், ஏறவில்லை. உடல் எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட 134.5 புள்ளிகளோடு தங்கம் அவருக்குத்தான். மூன்றாவது முயற்சியில் துணிந்து கேட்க முடிந்ததே முதல் இரண்டும் கையில் இருந்ததால்தான்.

கடைசி வாரம்தான் இருப்பதிலேயே சோதனை. நீச்சல், ஓட்டம், சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சியின் அளவை 41-லிருந்து 60 சதவீதம் வரை குறைத்து, கடுமையை மட்டும் அப்படியே வைத்தவர்களுக்குப் பலன் அதிகம் என்றது அது. ராடு தூக்குகிறவர்களின் நடைமுறையும் ஏறக்குறைய இதேதான்: செட்டைக் குறை, எடையைக் கைக்கு மறக்கவிடாதே. போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கட்கிழமை 75 கிலோவில் சில ஒற்றை ரெப், புதன்கிழமை அதிலும் லேசாக. அப்புறம் ராடைத் தொடக் கூடாது. உடம்பு முறுக்கேறி நிற்கும். கை சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூறு கிலோக்காரர் சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி ஜிம்முக்கு வருவார். பெஞ்ச் அதிசயமாகக் காலியாக இருக்கும். ராடில் யாரோ விட்டுப்போன பிளேட்டும் இருக்கும்.

"மாஸ்டர், ஒரே ஒரு சிங்கிள். நூறு ஏறுதான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"ஏறலன்னா?"

"..."

"ஏறினாலும் எவன் வெள்ளை விளக்கு போடுவான் இங்க? பிளேட்டக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போப்பா."

கழற்றி வைத்தார். ஒரு பக்கம் இருபது, இன்னொரு பக்கம் இருபது.